சராசரி எடை ஏறுது, மீன் எண்ணிக்கை குறையுது: தீவன சைஸ் மாத்துன ஒரு கொடுவா தொட்டி

கொடுவா மீன் குஞ்சு வளர்க்கற நர்சரி வெச்சிருக்க ஒருத்தர் கூப்பிட்டு சொன்ன புகார் இதுதான். ஒரே ஹேச்சரி (குஞ்சு பொரிக்கற இடம்), ஒரே பேட்ச் சீடு, அதாவது மீன் குஞ்சு, ரெண்டு தொட்டில பாதி பாதியா விட்டாச்சு, ஒண்ணாவது தொட்டி சூப்பரா வருது, ரெண்டாவது தொட்டி வளரவே மாட்டேங்குது, தீவனம் போடுற அளவும் ஒண்ணுதான் தண்ணியும் ஒரே லைன்தான், வந்து ரெண்டாவது தொட்டிய பாருங்கன்னார். போய் பாத்தப்போ கெட்டுப்போயிருந்தது ஒண்ணாவது தொட்டி. ரெண்டாவதுலயும் ஒரு சின்ன பிரச்சனை இருந்துச்சு, ஆனா அது தூங்க விடாத பிரச்சனை இல்ல.

இத விலாவாரியா எழுத காரணம், தீவன துகளோட சைஸ் தப்பா போனா மீன் மெதுவா வளரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அது எந்த ரூபத்துல வெளிய தெரியும்னு நிறைய பேருக்கு தெரியல. எல்லா மீனும் ஒண்ணா மெதுவாகும்னு எதிர்பாக்கறாங்க. அப்படி ஆகாது. தொட்டி ரெண்டா பிளக்கும், பெருசு பெருசாகும், சின்னது நின்னு போகும், கொடுவா மாதிரி ஒண்ண ஒண்ணு திங்குற ஜாதியா இருந்தா அந்த பிளவே மீன காலி பண்ணும், அதுவும் சாம்பிளிங் நோட்டுல நல்ல செய்தி மாதிரியே எழுதப்படும்.

நோட்டுல என்ன இருந்துச்சு

பொறுப்பா இருந்த பையன் ஒழுங்கா எழுதி வெச்சிருந்தான், அத பாராட்டணும். தண்ணி சூடு, ஆக்சிஜன், தீவனம் எவ்வளவு, செத்த மீன் எத்தன, சராசரி எடை எல்லாம் இருந்துச்சு. ஆரம்பத்துல ரெண்டு தொட்டிக்கும் 0.8 எம்எம் சைஸ் க்ரம்பிள், அதாவது உடைச்ச துகள் தீவனம், போட்டிருக்காங்க. சராசரி எடை, தீவன பையில எந்த எடைக்கு எந்த சைஸ்னு அச்சடிச்ச அட்டவணையோட அடுத்த கட்டத்துக்கு வந்ததும் ஒண்ணாவது தொட்டிக்கு 1.2-லருந்து 1.8 எம்எம் க்ரம்பிள் பைய பிரிச்சாங்க. ரெண்டாவது தொட்டிக்கு பழைய சைஸ்லயே சில பை மீதி இருந்துச்சு, வீணாக்க வேண்டாம் தீரட்டும்னு அதையே போட்டுட்டு வந்திருக்காங்க. வேற எந்த வித்தியாசமும் ரெண்டுக்கும் இல்ல. யாரும் திட்டம் போட்டு செய்யல, ஆனா ஒரு சோதனைக்கு தேவையான அமைப்பு தானா அமைஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் ஒண்ணாவது தொட்டில சராசரி எடை கிடுகிடுன்னு ஏறுது. செத்த மீன் கணக்குல தினமும் ஒண்ணு ரெண்டு, சில நாள் பூஜ்யம். ரெண்டாவதுல சராசரி மெதுவா ஏறுது, செத்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இத பாத்தா யாரா இருந்தாலும் புது சைஸ் நல்லா வேலை செய்யுது, பழைய சைஸ் மீன கெடுக்குதுன்னுதான் முடிவு பண்ணுவாங்க. ஓனரும் ரெண்டாவது தொட்டிக்கும் உடனே பெரிய சைஸ் மாத்திடலாமான்னுதான் கேட்டார். கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லி முதல்ல வழக்கமான சந்தேகங்கள பாத்தோம். அம்மோனியா, ஆக்சிஜன் ரெண்டும் ரெண்டு தொட்டிலயும் சரி. செவுள்ல கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்ல வெச்சா ட்ரைக்கோடைனாங்கற ஒட்டுண்ணி அங்கொண்ணு இங்கொண்ணு, நர்சரில எப்பவும் இருக்கற அளவுதான். தீவனம் பழசு இல்ல, பூஞ்சை வாடை இல்ல.

எண்ணி பாத்தது

அப்புறம் ஒண்ணாவது தொட்டிய முழுசா எண்ணலாம்னு சொன்னேன். பையனுக்கு முகம் சுருங்குச்சு. "சார், செத்தது எல்லாம் நோட்டுல இருக்கு சார், கழிச்சு பாத்தா வந்துரும்"ன்னான். நோட்டுல இருக்கறது கைக்கு கிடைச்ச பிணம் மட்டும்தான் தம்பி, கிடைக்காததும் இருக்கும்னு சொல்லி தண்ணிய இறக்கி எண்ணினோம். விட்டதுல மூணுல ஒரு பங்குக்கு கிட்ட காணோம். ரெண்டாவது தொட்டிய எண்ணினா நோட்டு கணக்குக்கு கொஞ்சம்தான் குறைவு.

பிணம் எங்க போச்சு? கொடுவா குஞ்சு முழுங்குனா பிணம் மிஞ்சாது. இந்த மீனு சின்ன வயசுல தன் நீளத்துல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு இருக்கற இன்னொரு கொடுவாவ முழுசா விழுங்கிடும். தொட்டிய இறக்குனப்போ கண்ணு முன்னாடியே ஒண்ணு மாட்டுச்சு, ஏழு சென்டிமீட்டர் இருக்கும், வயிறு கோலிகுண்டு முழுங்குன மாதிரி உப்பி, வாய்ல இருந்து இன்னொரு குஞ்சோட வால் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு, அந்த வால் இன்னும் லேசா துடிச்சிட்டு இருந்துச்சு. தொட்டில ரொம்ப சின்னது 3.5 சென்டிமீட்டர், பெருசு 7 சென்டிமீட்டர். சின்னது பெருசோட பாதி நீளம், அதாவது திங்கக்கூடிய எல்லைக்குள்ள நல்லாவே உள்ள. நீளத்துல பாதின்னா எடைல எட்டுல ஒண்ணு, அரை கிராமும் நாலு கிராமும் ஒரே தண்ணில நீந்துது.

இப்ப சராசரி ஏன் ஏறுச்சுன்னு பாப்போம், இதுதான் எல்லாரையும் ஏமாத்துற இடம். ஒரு கணக்குக்கு 100 மீன் வெச்சுக்கோங்க. 30 மீன் அரை கிராம், 50 மீன் ஒன்றரை கிராம், 20 மீன் நாலு கிராம். மொத்தம் 170 கிராம், சராசரி 1.7 கிராம். இதுல அரை கிராம் மீன்ல 20 காணாம போச்சுன்னு வைங்க, மத்த யாரும் ஒரு மில்லிகிராம் கூட வளரல. மீதி 80 மீன், மொத்தம் 160 கிராம், சராசரி 2 கிராம். சராசரி 1.7-லருந்து 2-க்கு ஏறியாச்சு, தொட்டில இருக்கற மொத்த மீன் எடை குறைஞ்சாச்சு. நோட்டுல அந்த 2 மட்டும்தான் எழுதப்படும், பக்கத்துல ஒரு டிக் கூட போடுவாங்க. உண்மைல தின்ன மீன் கொஞ்சம் வளரவும் செய்யும், அது இன்னும் அழகான நம்பரா வரும். போதாததுக்கு சாம்பிள் எடுக்கறது எப்படின்னு பாத்தா தீவனம் போட்டதும் மேல வர்ற கூட்டத்துல கைவலைய விட்டு அள்ளுறாங்க, மேல வர்றது யாரு, நல்லா திங்குறவன்தான். நோஞ்சான் மூலைல இருக்கு, அது வலைல வர்றதே இல்ல.

ரெண்டாவது தொட்டில பெருசுக்கும் சின்னதுக்கும் அவ்வளவு இடைவெளி இல்ல. சராசரி குறைவு, ஆனா மீன் இருக்கு, எண்ணிக்கையோட பெருக்கி பாத்தா மொத்த எடை ஒண்ணாவது தொட்டிய விட அதிகம். ஓனர் கால்குலேட்டர ரெண்டு தடவை தட்டி பாத்தார்.

அப்போ துகள் சைஸ்தான் காரணம்னு எப்படி சொல்றது

நியாயமான கேள்வி. கொடுவான்னா எப்பவுமே ஒண்ண ஒண்ணு திங்கும், சீடுலயே சைஸ் வித்தியாசம் இருந்திருக்கலாம், ஷூட்டர், அதாவது மத்தத விட வேகமா வளர்ற குஞ்சு, எல்லாம் ஒண்ணாவது தொட்டிக்கு போயிருக்கலாம். இருக்கலாம்தான், ரெண்டு தொட்டிய மட்டும் வெச்சு அத முழுசா ஒதுக்க முடியாது. ஆனா மூணு விஷயம் ஒரே பக்கம் கைய காட்டுச்சு.

ஒண்ணு, அடிக்கழிவு. சைபன் போட்டு எடுத்த கழிவ கொசுவலை துணில வடிகட்டி வெள்ளை ட்ரேல பரப்பி பாத்தோம். ஒண்ணாவது தொட்டி கழிவுல உப்பிப்போன முழு துகள் நிறைய, அதுவும் பெரும்பாலும் அந்த 1.2-1.8 பையில இருக்கற பெரிய பக்கத்து துகள்தான், சின்ன பக்கத்து துகள் கிட்டத்தட்ட இல்ல. பையில இருந்து ஒரு கைப்பிடி எடுத்து பக்கத்துல வெச்சு பாத்தா வித்தியாசம் அப்பட்டமா தெரியுது. யாரோ பொறுக்கி தின்னுட்டு பெருச விட்டுட்டாங்கன்னு அர்த்தம். கொடுவா குஞ்சு பொதுவா மூழ்கிட்டு வர்ற தீவனத்த பாஞ்சு எடுக்கும், அடில விழுந்தத பொறுக்குறது ரொம்ப அபூர்வம், அதனால விழுந்தது விழுந்ததுதான்.

ரெண்டு, தீவனம் போடும்போது பாத்தது. இத யாருமே பாக்கறதில்ல, ஏன்னா நடுவுல நடக்கற அமளிதான் கண்ணுக்கு தெரியும். நடுவுல பெருசுங்க தண்ணிய கொதிக்க விடுது, ஆஹா என்ன பசின்னு சந்தோஷப்பட்டு அடுத்த கைப்பிடி போடுறோம். நான் தண்ணி வெளிய போற பைப் பக்கத்து மூலைய பாத்துட்டு நின்னேன். அங்க ஒரு இருபது முப்பது சின்னது கருத்துப்போய் நின்னுட்டு இருந்துச்சு. அதுல ஒண்ணு, துகள் ஒண்ணு அது பக்கம் வந்ததும் பாஞ்சு வாய்ல வாங்குச்சு. தலைய ரெண்டு ஆட்டு ஆட்டுச்சு. துப்புச்சு. மறுபடி வாங்குச்சு, மறுபடி துப்புச்சு. மூணாவது தடவை வாங்கறதுக்குள்ள துகள் கீழ போயிடுச்சு, அது பின்னாடி போகல, திரும்பி வந்து அதே இடத்துல நின்னுச்சு. பசி இல்லாத மீன் இப்படி செய்யாது. நோய் வந்த மீன் பாயவே பாயாது. வாய்க்குள்ள போகாத சாமான வாங்கிட்டு போராடுற மீன்தான் இப்படி செய்யும்.

மூணு, வயிறும் வாயும். அந்த மூலைல இருந்து பிடிச்சதுல சாகப்போறது சிலத அறுத்து பாத்தா குடல் கண்ணாடி மாதிரி காலி. வாய அளந்தோம். மீன் வாய் அளக்க பழைய முறை ஒண்ணு இருக்கு, ஷிரோட்டா 1970-ல சொன்னது, மேல் தாடை நீளத்த ரூட் ரெண்டால, அதாவது 1.41-ஆல பெருக்குனா 90 டிகிரி திறந்த வாயோட உயரம் வரும். ஆராய்ச்சிக்கு நல்ல அளவு அது, ஆனா மீன் ஒவ்வொரு துகளுக்கும் வாய அப்படி பிளக்கறதில்ல, தவிர உருண்டையான சாமான தடுக்கறது உயரத்த விட அகலம்தான், அதனால நாங்க வெர்னியர் அளவுகோல்ல அகலத்தையே எடுத்தோம். 3.5 சென்டிமீட்டர் மீனுக்கு அகலம் சுமார் 3 எம்எம். 1.8 எம்எம் துகள்னா வாயோட 60 சதவீதம். பொதுவா விரலிகளுக்கு (விரல் நீள குஞ்சுகளுக்கு) துகள் வாய் திறப்புல 20-லருந்து 30 சதவீதம் இருந்தா நல்லதுன்னு ஒரு வழிகாட்டி கணக்கு இருக்கு, அதுபடி இந்த சின்னதுக்கு 0.6-லருந்து 0.9 எம்எம்தான் சரி. அதே 1.8 எம்எம் துகள் 7 சென்டிமீட்டர் மீனுக்கு, வாய் 6 எம்எம்க்கு மேல, 30 சதவீதத்துக்குள்ள வந்துடுது, கச்சிதம். ஒரே பை, ஒருத்தனுக்கு விருந்து, இன்னொருத்தனுக்கு கல்லு.

இதுல இன்னொன்னு, க்ரம்பிள் தண்ணில விழுந்ததும் உப்பும். கைல வெச்சு பாக்கும்போது 1.5 எம்எம், மீன் வாய்க்கு வர்றப்போ அத விட பெருசு. அளவு பாக்கறவங்க காய்ஞ்சத மட்டும் பாத்துட்டு போயிடறாங்க.

அட்டவணைய திட்டுறதுல அர்த்தம் இல்ல. பையில போட்ட அட்டவணை தப்பு இல்ல, ஆனா அது எல்லா மீனும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல இருக்கற தொட்டிய பத்தி பேசுது. கிரேடிங் பண்ணாத, அதாவது சைஸ் வாரியா பிரிக்காத தொட்டில சராசரி எடைங்கற மீன் ஒண்ணு இருக்கறதே இல்ல, நம்ம கணக்குல 1.7 கிராம் மீன் ஒண்ணு கூட கிடையாது பாருங்க.

சின்ன சைஸ் பாதுகாப்புதானே, அதையே போட்டா என்ன

இத ஓனரே கேட்டார், ரெண்டாவது தொட்டி பொழச்சத பாத்துட்டு. சரி, ரெண்டாவது தொட்டிக்கு வருவோம். அங்க பெருசுங்களும் 0.8 எம்எம் தின்னுட்டு இருந்துச்சு. துகளோட விட்டத்த பாதியாக்குனா எடை பாதி ஆகாது, எட்டுல ஒண்ணு ஆகும். நாலு கிராம் மீன் ஒண்ணு ஒரு நாளைக்கு உடல் எடைல 5 சதவீதம் திங்குதுன்னா 200 மில்லிகிராம். 1.6 எம்எம் உருண்டைன்னா அது சுமார் 85 துகள். 0.8 எம்எம்னா சுமார் 680 துகள். ஒவ்வொண்ணுக்கும் பாக்கணும், திரும்பணும், பாயணும், வாங்கணும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சக்தி செலவு, கிடைக்கற சோறு எட்டுல ஒரு பங்கு. கொஞ்ச நேரத்துல பெருசுங்களுக்கு ஆர்வம் போயிடும், மீதி துகள் தண்ணில கரையும். அதுதான் அங்க நடந்துச்சு, பெருசுங்க அரைவயிறு, தண்ணி மட்டும் சாம்பல் கலர்ல மங்கலா.

கரையறது சின்ன விஷயம் இல்ல. விட்டம் பாதியானா அதே எடை தீவனத்துக்கு மேற்பரப்பு ரெண்டு மடங்கு. வைட்டமின் சி, பி வகை வைட்டமின், கரையக்கூடிய அமினோ அமிலம் எல்லாம் அந்த மேற்பரப்பு வழியாத்தான் வெளிய ஓடும், துகள் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம். மீன் உடனே வாங்கிட்டா பரவால்ல, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் மிதந்துட்டு கிடந்தா அது திங்கறது லேபிள்ல இருக்கற தீவனம் இல்ல. பை அடில சேர்ற தூள் இன்னும் மோசம், அது யாருக்கும் சோறு இல்ல, செவுளுக்கு உறுத்தல், பாக்டீரியாவுக்கு விருந்து. கடைசி கால் பை தீவனத்த சலிக்காம அப்படியே கொட்டுறத நிறுத்துனாலே பல தொட்டில தண்ணி தெளியும்.

ஆக ரெண்டு பக்கமும் சுவர் இருக்கு. இத ரொம்ப சுத்தமா காட்டுன வேலை சால்மன் குஞ்சுகள்ல நடந்தது, வாங்கோவ்ஸ்கியும் தார்ப்பும் 1979-ல வெளியிட்டது. அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகளுக்கு வெவ்வேற சைஸ் துகள் குடுத்து வளர்ச்சிய பாத்தாங்க. மீனோட நீளத்துல, வால் பிளவு வரைக்கும் அளந்த நீளம், 2.2-லருந்து 2.6 சதவீதம் விட்டம் இருக்கற துகள்ல வளர்ச்சி உச்சம், அதுக்கு ரெண்டு பக்கமும் இறங்குது. வாய்க்குள்ள போற பெரிய சைஸ் எதுன்னு வாயகலம் தீர்மானிக்கும், வாய்க்குள்ள நிக்கற சின்ன சைஸ் எதுன்னு செவுள்ல சீப்பு மாதிரி இருக்கற முள்ளோட இடைவெளி தீர்மானிக்கும், நல்லா வளர வைக்கற சைஸ் இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு குறுகலான இடத்துல இருக்கு. முழுங்க முடியுதுங்கறதும் நல்லா வளருதுங்கறதும் ஒண்ணு இல்ல, இத மட்டும் மண்டைல ஏத்திக்கணும்.

ஆனா தயவுசெஞ்சு அந்த 2.2-2.6-அ அப்படியே தூக்கிட்டு வந்து கொடுவாவுக்கு போடாதீங்க. சால்மன் குஞ்சு வாய் வேற, கொடுவா வாய் வேற, கொடுவா பொறந்ததுலருந்தே பெரிய வாய்க்காரன். கெண்டைக்கு போட்டா அதுக்கும் ஒத்து வராது. நம்பர் மீனுக்கு மீன் மாறும், வளைவோட வடிவம்தான் பொது.

என்ன செஞ்சோம்

முதல் வேலை தீவனம் இல்ல, கிரேடிங். ஒரே தண்ணில அரை கிராமும் நாலு கிராமும் இருக்கற வரைக்கும் எந்த சைஸ் போட்டாலும் யாரோ ஒருத்தர் பட்டினி. அன்னிக்கு காலை தீவனத்த நிறுத்தி, வயிறு காலியானதும், கம்பி இடைவெளி வெச்ச பெட்டி கிரேடர்ல ஓட விட்டு மூணா பிரிச்சோம். வயிறு நிறைஞ்ச மீன கிரேடர்ல போட்டா அடி தாங்காது, தவிர உப்புன வயிறே அத அடுத்த சைஸ் மாதிரி காட்டி ஏமாத்தும். பெருசுங்க ஒரு தொட்டி, நடுத்தரம் ஒரு தொட்டி, மூலைல நின்ன நோஞ்சான்கள் தனியா ஹாப்பால, அதாவது தண்ணிக்குள்ள கட்டுற பெட்டி மாதிரி வலைல. ரெண்டாவது தொட்டியையும் சேத்தே பிரிச்சாச்சு. கொடுவாவ இந்த வயசுல 3-லருந்து 7 நாளைக்கு ஒரு தடவை பிரிக்கணும்னு புத்தகத்துல எல்லாம் இருக்கு, இங்க அத தள்ளி போட்டுட்டே வந்திருக்காங்க, காரணம் என்னன்னா சாவு கணக்கு நல்லா இருந்துச்சு, மீன் எதுக்கு தொந்தரவு பண்ணணும்னு. பாருங்க அந்த நோட்டு எங்கெல்லாம் கைய வெச்சிருக்குன்னு.

பெருசுங்களுக்கு 1.2-1.8 பை அப்படியே. நோஞ்சானுக்கு 0.8-அ சலிச்சு, தூள தூக்கி போட்டுட்டு, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி. நடுத்தரத்துக்குதான் சிக்கல், அதுக்கு 0.8 சின்னது, 1.8 பெருசு, நடுவுல ஒரு பை விக்கறதில்ல. அதுக்கு ஒரு சல்லடை போதும். 1.5 எம்எம் கண்ணு சல்லடைல 1.2-1.8 பைய சலிச்சா கீழ விழறது நடுத்தரத்துக்கு, மேல நிக்கறது பெருசுக்கு. ஒரு பை ரெண்டு சைஸ் ஆயிடுச்சு, எதுவும் வீணாகல.

சைஸ் மாத்துறப்போ ஒரே நாள்ல மாத்தாம பழசையும் புதுசையும் கலந்து சில நாள் போடணும்னு சொன்னதுக்கு பையன் உடனே ரெண்டையும் கலந்து ஆட்டோ ஃபீடர் டப்பால கொட்டிட்டான். அங்க ஒரு வேடிக்கை நடந்துச்சு. ஃபீடர் மோட்டார் அதிர்வுல சின்ன துகள் எல்லாம் இடுக்கு வழியா அடிக்கு இறங்கிடுச்சு, பெருசு மேல ஏறிடுச்சு. காலைல முழுக்க சின்ன துகளா கொட்டுது, சாயங்காலம் முழுக்க பெரிய துகளா கொட்டுது. கலவைன்னு நாம நினைக்கறது டப்பாக்குள்ள கலவையாவே இல்ல. அதனால கலந்து போடறத விட்டுட்டு கையாலயே, முதல்ல நடுவுல பெரிய துகள் கொஞ்சம், பெருசுங்க அங்க கூடி மும்முரமானதும் ஓரத்துலயும் மூலைலயும் சின்ன துகள்னு மாத்துனோம். வேலை அதிகம்தான், ஆனா மாத்துற அந்த சில நாளைக்கு மட்டும்தானே. இதுல பாக்கவேண்டியது மூலைல நிக்கறது துப்புதா துப்பலயான்னு, அடிக்கழிவுல முழு துகள் வருதா வரலயான்னு. ரெண்டும் சரின்னா அடுத்த நாள் பெருசோட பங்க ஏத்தலாம்.

நோட்டுலயும் ஒரு மாத்தம். சராசரி பக்கத்துல சாம்பிள்ல இருக்கற ரொம்ப சின்னது, ரொம்ப பெருசு நீளம் ரெண்டும் எழுதணும், சின்னது பெருசோட மூணுல ரெண்டு பங்குக்கு கீழ போனா அன்னிக்கே கிரேடிங். சாம்பிள் எடுக்கறது தீவனத்துக்கு முன்னாடி, தொட்டிய குறுக்க ஒரு வலைய இழுத்து மொத்த கூட்டத்தையும் ஒதுக்கி அதுல இருந்து. கிரேடிங் பண்ணுற அன்னிக்கு எப்படியும் மீன் கைல வருது, அன்னிக்கே எண்ணிடணும்.

அப்புறம் எப்படி போச்சு

காணாம போறது கிட்டத்தட்ட நின்னுச்சு. முழுசா இல்ல, அடுத்தடுத்த கிரேடிங்லயும் ஒவ்வொரு குரூப்லயும் ஒண்ணு ரெண்டு ஷூட்டர் கிளம்பத்தான் செஞ்சுது, கொடுவான்னா அது இருக்கும். பெருசுங்க தொட்டில அடிக்கழிவுல துகள் இல்ல, தண்ணி தெளிஞ்சுது. ரெண்டாவது தொட்டில இருந்து வந்த பெருசுங்களும் 1.2-1.8 கிடைச்சதும் சீக்கிரமே மத்ததோட சேர்ந்துடுச்சு, அதுக்கு உடம்புல கோளாறு எதுவும் இல்ல, சோறு மட்டும்தான் பொடியா இருந்துச்சு. சராசரி எடை மட்டும் ஆரம்பத்துல நோட்டுல மோசமா தெரிஞ்சுது, ஏன்னா இப்ப சின்னது சாகாம கணக்குல இருக்கு. ஓனர் அத பாத்து ஒரு நாள் போன் பண்ணி என்ன சார் குறையுதேன்னார். எண்ணிக்கையோட பெருக்கி பாருங்கன்னேன், வெச்சுட்டார்.

ஹாப்பால வெச்ச நோஞ்சான்கள்ல பாதிக்கு மேல எந்திரிச்சுது. கருத்திருந்தது வெளுத்து, வயிறு தெரிய ஆரம்பிச்சு, நடுத்தர குரூப்புக்கு தூக்கி விடற அளவுக்கு வந்துச்சு. மீதி எந்திரிக்கல. வாய்க்கு ஏத்த துகள், சண்டை இல்லாத இடம், அடிக்கடி சோறு எல்லாம் குடுத்தும் சிலது தின்னுச்சு ஆனா வளரல, சிலது திங்கவே மறந்த மாதிரி நின்னுச்சு. அதுல எவ்வளவு பட்டினியோட பாதிப்பு, எவ்வளவு பொறப்புலயே மெதுவானதுன்னு இந்த ஒரு பேட்ச வெச்சு பிரிச்சு சொல்ல வழி இல்ல. அத கழிச்சு விட்டுட்டாங்க, அது சரியான முடிவுதான், ஏன்னா அதுக்காக முழு பேட்சையும் 0.8-லயே நிறுத்தி வெச்சா பெருசுங்க பழையபடி தண்ணிய மங்க வெச்சுட்டு நிக்கும்.

அடுத்த பேட்ச் சீடு வந்தப்போ பையன் பை அட்டவணைய பாக்கறதுக்கு முன்னாடி வெர்னியர எடுத்துட்டு வந்து, கூட்டத்துலயே ரொம்ப சின்னத பிடிச்சு வாய அளந்துட்டு, சல்லடைய கேட்டான்.